மேயரின் வம்சம்

அக்டோபர் 12

ஒன்பதாம் வகுப்பில் ஷகிலா என்ற பெண் ஒருமுறை எழுந்து நின்று கேட்டாள்: "டீச்சர், தகுதி இருக்கறதுதான் பிழைக்கும்னு சொல்றீங்க. ஒண்ணுகூடப் பிழைக்கலைன்னா? அப்ப இயற்கை யாரைத் தேர்ந்தெடுத்துச்சு?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, அது அடுத்த பாடத்தில் வரும் என்றேன். அடுத்த பாடம் நரம்பு மண்டலம்.

இன்று காலை மாடியில் துணி காயப்போடும்போது அவள் நினைவுக்கு வந்தாள். கூண்டில் ஒரு பெட்டைப் புறா கழுத்தைத் திருகி, தலைகீழாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

என் கணவர் தணிகாசலம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பந்தயப் புறா வளர்க்கிறார். ஹோமர் என்பார்கள். வண்டியில் ஏற்றி ஆந்திரா, நாக்பூர் என்று கொண்டுபோய்த் திறந்துவிட்டால், எந்தக் கூண்டுப் புறா முதலில் வீடு திரும்புகிறதோ அதற்குக் கோப்பை. போன வாரம் பந்தயச் சங்கத்து வேனில் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எல்லா வீட்டுப் புறாக்களும் ஒரே கூடையில்.

"வெயில் காயுதுமே," என்றார்.

புறா அப்படி வெயில் காயாது. எச்சமும் தண்ணீராக இருந்தது. அவருக்கும் தெரியும்.

அக்டோபர் 13

அரைத்த மாவு பொங்கி வழிந்துவிட்டது. பெட்டை கம்பைக் கொத்துகிறது. மூக்கு தரையில் படுகிறது, தானியம் வாய்க்குள் போகவில்லை.

அக்டோபர் 15

கால்நடை ஆஸ்பத்திரிக்கு அட்டைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனோம். டாக்டர் சின்ன வயசுப் பெண். கழுத்தைத் தொட்டுப் பார்த்ததுமே சொல்லிவிட்டாள். நரம்பைத் தாக்கும் வைரஸ், மருந்து கிடையாது, முன்பே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

"எங்க மேயர் புறாவோட வம்சத்துக்கு ஊசி எதுக்கு டாக்டர்? என் வூட்டுப் புறாவுக்கு இதுவரைக்கும் தும்மல்கூட வந்ததில்ல."

"இப்ப வந்திருக்கே சார்."

வரும் வழியில் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "எல்லாம் பூடுமா சுலோ?"

"எல்லாம் போகாதுங்க. எந்த நோய் வந்தாலும் கூட்டத்துல ஒண்ணு ரெண்டு தாங்கும். நம்ம வீட்டுக் கரப்பான் பூச்சி இல்ல? மருந்து அடிச்சோம், கூட்டிக் கொட்ற அளவுக்குச் செத்துச்சு. ஆனா நாலஞ்சு சாகல. அதோட பிள்ளைங்கதான் இப்ப மருந்து டப்பா மேலயே ஏறி நடக்குதுங்க."

சிரித்தார். "அப்போ நிக்கிறது கெட்டி."

"நிக்கிறது கெட்டி."

"மேயர் புள்ளைங்க ஆச்சே. நிக்கும்."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன்.

அக்டோபர் 19

இன்று மூன்று போயின. எல்லாம் இந்த வருஷத்துக் குஞ்சுகள். பின்கட்டில் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார். முதுகு வலிக்கிறது என்று தைலம் கேட்டார். தேய்த்துவிட்டேன்.

மேயரைப் பற்றி எழுதி வைக்க வேண்டும். எங்கள் மகள் மதி பள்ளியில் சேர்ந்த வருஷம் காசிமேட்டில் ஒருவரிடமிருந்து வாங்கிய நீல நிற ஆண் புறா அது. மார்பை நிமிர்த்தி, யாரோ மாலை போடக் காத்திருப்பதுபோல நடக்கும். அதனால் அந்தப் பெயர். நாக்பூரிலிருந்து மழைக்குள் பறந்து வந்து இறங்கிய நாளில், தெருவே மாடியில் நின்றது. அன்றிலிருந்து, மேயர் செத்த பிறகும், இந்தக் கூண்டில் வேறு ரத்தம் ஏறவில்லை. மேயரை அதன் மகளோடு சேர்த்தார். அண்ணனைத் தங்கையோடு சேர்த்தார். மேயரைப் போல மூக்கு, மேயரைப் போலக் கண், மேயரைப் போல மார்பு உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஞாயிற்றுச் சந்தையில் விற்றார். பந்தயத்திலிருந்து தாமதமாகத் திரும்பும் புறாவையும் அவர் கூண்டில் ஏற்றமாட்டார். "லேட்டா வந்தது வூட்டுக்குள்ள ஏறாது" என்பார். அது கூண்டு வாசலில் வந்து உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருக்கும். அப்படியே பிடித்துச் சந்தைக்கு அனுப்பிவிடுவார். ரயில்வே கிடங்கில் திரியும் புறா ஏதாவது வந்து எங்கள் பெட்டையோடு சேர்ந்துவிட்டால் முட்டையை எடுத்துச் சாக்கடையில் போடுவார். "ஜாதி கெட்டுப் பூடும்."

வகுப்பில் இயற்கைத் தேர்வு நடத்தும்போது, இயற்கைக்குக் கண்ணும் கையும் கிடையாது என்று சொல்லிக்கொடுப்பேன். வறட்சி வரும், நோய் வரும், எது நிற்கிறதோ அதற்குப் பிள்ளைகள் உண்டு, அவ்வளவுதான். எங்கள் மாடியில் அதற்குக் கண்ணும் கையும் உண்டு. அது என் கணவர்.

இந்த வருஷம் முட்டைகளில் பாதி கூமுட்டை. வெயில் என்றார்.

மதி போன் செய்தாள். துணி எடுக்கும் சாக்கில் மாடியில் நின்று பேசினேன். "நைனா எப்படி இருக்காரு?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறார் என்றேன்.

அக்டோபர் 24

காலையில் ரேஷன் கடை. பாமாயில் இல்லை.

திரும்பும்போது ரயில்வே கிடங்குப் பக்கம் சற்று நின்றேன். அங்கும் நோய் வந்திருக்கிறது. தண்டவாளத்தோரம் செத்துக் கிடந்தவற்றைப் பூனை இழுத்துக்கொண்டிருந்தது. ஆனால் சிந்திய கோதுமையில் ஒரு கூட்டம் மேய்ந்துகொண்டும் இருந்தது. கறுப்பு, செம்மண் நிறம், சாம்பல், வெள்ளைத் திட்டு போட்டது, ஒரு கால் இல்லாதது. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. யாரும் பார்த்துப் பார்த்துச் சேர்த்துவைக்காத ஜோடிகளின் பிள்ளைகள். உலகத்தில் உள்ள வீட்டுப் புறா இனங்கள் எல்லாம் பாறை இடுக்கில் வாழ்ந்த ஒரே காட்டுப் புறாவிலிருந்து வந்தவை. நாம் விரும்பியதை மட்டும் பெருக்கி இத்தனை விதமாக ஆக்கினோம். கிடங்கில் இருப்பவை நம் கையை விட்டுப் போய் மறுபடியும் கலந்துகொண்டவை.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. ஏழு போயிருந்தன. சொல்லும் நேரமா அது.

அக்டோபர் 30

பெரியவையும் விழ ஆரம்பித்துவிட்டன. ஒன்று விழுந்தால் அதன் பக்கத்தில் இருப்பது விழுகிறது. ஒவ்வொன்றுக்கும் முதலில் கழுத்து, பிறகு கால். ஒரே வினாத்தாளுக்கு ஒரே பிள்ளையைப் பார்த்துக் காப்பியடித்த வகுப்பின் விடைத்தாள்களைத் திருத்துவது போல இருக்கிறது. தப்பும் ஒரே மாதிரி.

நவம்பர் 2

நசீர் வந்தார். பக்கத்துத் தெருவில் மின்சாமான் கடை. அவரும் புறாக்காரர். என் கணவருக்குச் சங்கத்தில் எதிர் அணி, டீக்கடையில் கூட்டாளி. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கை கால் கழுவி, மாடிக்கு வராமல் கூடத்திலேயே நின்றார். நோயைத் தூக்கி வரக்கூடாதாம்.

"உன் வூட்ல எவ்ளோடா பூட்ச்சு?"

"பாதி அண்ணே. மீதி நின்னுடுச்சு. ரெண்டு மூணுக்குக் கழுத்து கோணல்தான், ஆனா துன்னுது."

நசீர் கூண்டில் பெங்களூர் இருக்கும், ஹைதராபாத் இருக்கும், சந்தையில் யாரோ கழித்துவிட்டது இருக்கும். சங்கத்தில் அதை 'நசீர் ஓட்டல் சாம்பார்' என்று கேலி செய்வார்கள். முதலில் அந்தப் பேரை வைத்தவர் என் கணவர்.

"அண்ணே, நீங்க லேட்டுன்னு வித்தீங்களே, நகம் ஒடஞ்ச பெட்டை. அத்த நான்தான் வாங்கினேன். அதோட புள்ளைங்க ஒரு ஜோடி, நோய் வந்து எழுந்து நிக்குதுங்க. பாதி உங்க மேயர்தான். எடுத்துக்கோங்க. இனிமே அதுங்களுக்கு இந்த நோய் ஒட்டாது."

"பாதி மேயர். மீதி?"

"மீதி ஹைதராபாத்."

"அப்பன் பேரு தெரியுமா?"

"புறாவுக்கு இன்னா அண்ணே, ஆதார் கார்டா போட்டுத் தராங்க?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"கலப்பு என் கூண்டுல ஏறாது, நசீரு. டீ குடிச்சிட்டுப் போ."

படியிறங்கும்போது நசீர் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "டீச்சரம்மா, இது உங்க சப்ஜெக்ட் தானே? நீங்க எடுத்துச் சொன்னா கேப்பாரு."

சொல்கிறேன் என்றேன். அடுப்பில் பால் இருந்தது, போய்விட்டேன்.

நவம்பர் 3

சொல்லவில்லை. மின்சாரக் கட்டணம் கட்டினேன். கொத்தமல்லி விலை ஏறிவிட்டது.

நவம்பர் 7

மதியை வங்கியில் பார்த்தேன். மாதம் ஒருமுறை அங்கே பார்த்துக்கொள்வோம். அவள் கல்யாணம் செய்துகொண்டு எட்டு வருஷம் ஆகிறது. பிரபாகர் அவளோடு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். நம்மவர்கள் இல்லை. அந்த ராத்திரி இருவரும் மாலையும் கழுத்துமாக வந்து வாசலில் நின்றபோது இவர் கத்தவில்லை, திட்டவில்லை. கதவின் தாழ்ப்பாளைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். நான் அப்போது ரசம் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடித்துக்கொண்டிருந்தது, அடுப்பை விட்டு வர முடியவில்லை.

பிரபாகருக்குக் கனடாவில் வேலை கிடைத்திருக்கிறதாம். மாதக் கடைசியில் மூவரும் போகிறார்கள். பேத்தி இனியாவுக்குக் குளிர் சட்டை வாங்கியாகிவிட்டது.

"போறதுக்கு முன்னாடி ஒருதடவை வீட்டுக்கு வரேம்மா. நைனாவைப் பாத்துட்டுப் போறேன். ஒரு அஞ்சு நிமிஷம்."

"கேட்டுச் சொல்றேன்."

"எட்டு வருஷமா கேட்டுதான் சொல்றே."

டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

நவம்பர் 9

இன்று சொன்னேன். புறா விஷயம், மதி விஷயம் இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்றுதான் மாடிக்குப் போனேன்.

கூண்டில் எட்டோ ஒன்பதோதான் மீதி. அவர் பட்டாணியை ஊறவைத்து நசுக்கி, ஒன்றை மடியில் பிடித்து ஊட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு பொறுமை இவருக்கு எங்கிருந்து வந்ததோ.

"இதுல எது நிக்கும்னு நினைக்கிறே?" என்று அவரே கேட்டார்.

"எதுவும் நிக்காதுங்க."

கை நின்றது.

"சீட்டுக்கட்டு எடுத்துக்கோங்க. அம்பத்திரண்டு சீட்டும் வேற வேறயா இருந்தா, எந்த ஆட்டம் வந்தாலும் கையில ஏதோ ஒண்ணு உதவும். நாம அழகா இருக்குன்னு ராஜாவை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததைத் தூக்கிப் போட்டுட்டோம். கட்டு முழுக்க ஒரே ராஜா. அந்த ராஜா செல்லாத ஆட்டம் ஒண்ணு வந்துடுச்சு. மேயரே இருந்தாலும் தாங்காத நோயை மேயரோட பிள்ளை எப்படித் தாங்கும்? தாங்கற குணம் எங்கேயோ ஒரு புறாகிட்ட இருந்திருக்கும். லேட்டா வந்ததுகிட்ட இருந்திருக்கும். சாக்கடையில போட்ட முட்டையில இருந்திருக்கும்."

வெகுநேரம் புறாவின் தலையைத் தடவினார்.

"கரப்பான் பூச்சி கத சொன்னப்போ இத்தச் சொல்லலியே நீ."

"அன்னிக்கு உங்களுக்குத் தைரியம் வேணும்னு..."

"பாதி பாடம் நடத்துற டீச்சர்."

பிறகுதான் ஆரம்பித்தேன். "மதி கனடா போறா. போறதுக்கு முன்னாடி—"

"இதையும் அதையும் ஏன் முடிச்சுப் போடுறே?"

"நான் முடிச்சுப் போடலையே."

"போட்டே. லேட்டா வந்ததுன்னியே."

"நான் புறாவைத்தான் சொன்னேன்."

"அப்போ புறாவையே பேசு."

அதன் பிறகு புறாவைப் பற்றியும் பேசவில்லை.

நவம்பர் 14

விடாத மழை. கூண்டின் மேல் தார்ப்பாய் கட்டினார். ஒருபக்கம் நான் பிடித்துக்கொண்டேன். முட்டி வலி. நான்கு மீதி.

நவம்பர் 18

இரண்டு.

நவம்பர் 21

மதி வந்தாள். நான் கேட்டுச் சொல்வதற்குள் வந்துவிட்டாள்.

மழை விட்டிருந்தது. ஆட்டோவிலிருந்து இனியாவைக் கையைப் பிடித்து இறக்கினாள். பிரபாகர் தெருமுனையிலேயே நின்றுகொண்டார், நாகரிகம் தெரிந்தவர். நான் வாசலுக்குப் போனேன். குழந்தைக்கு மதியின் அதே நெற்றி. மூக்கு யாருடையதோ, எங்கள் பக்கம் இல்லை. அழகான மூக்கு.

மாடியில் அவர் கைப்பிடிச் சுவரோரம் நின்றார். கையில் புறா. கடைசியாக மீந்திருந்த இளம் ஆண், இன்னும் பந்தயமே பார்க்காதது. கீழே பார்த்தார். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

"நைனா!" மதி அண்ணாந்து கூப்பிட்டாள். "நான் ஊருக்குப் போறேன் நைனா!"

அவர் புறாவின் கழுத்தைச் சட்டையால் மூடினார்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மாவு மில் அம்மாள் வெளியே வந்து, துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெருக்காமல் நின்றாள்.

"அந்தத் தாத்தா ஏன் கீழ வரமாட்டேங்கறாரு?" என்று இனியா கேட்டாள்.

"தாத்தா கையில புறா தூங்குதுடா. அசைஞ்சா முழிச்சுக்கும்," என்று மதியே சொன்னாள்.

உள்ளே வா என்று சொல்ல எனக்கு நாக்கு வரை வந்தது. நான் மேலே பார்த்தேன். பிறகு குழந்தை கையில் முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்தேன். ஈரம் படாமல் பிடித்துக்கொள் என்றேன்.

"நீயாவது கூப்பிடுவேன்னு நெனச்சேன்மா," என்றாள் மதி. கோபமாகச் சொல்லவில்லை. வாசல்படிக்கு வெளியே குனிந்து என் காலைத் தொட்டாள். எங்களுக்கு நடுவில் நிலைப்படி இருந்தது.

ஆட்டோ திரும்புவதற்குத் தெருவில் இடம் போதவில்லை. முன்னும் பின்னுமாக வெகுநேரம் எடுத்தது. அவ்வளவு நேரமும் அவர் மாடியில் நின்றார். அவ்வளவு நேரமும் நான் வாசலில் நின்றேன்.

நவம்பர் 22

தோசை. தேங்காய்ச் சட்னி. அவர் சாப்பிடவில்லை.

நவம்பர் 26

அந்த இளம் ஆண் விடிகாலையில் போய்விட்டது. அதற்குப் பெயர் வைக்கவில்லை. பந்தயம் முடிந்து திரும்பி வந்த பிறகுதான் பெயர் வைப்பார்.

குழியை அவரே தோண்டினார். நான் குடை பிடித்தேன். மண் போடும்போது சொன்னார்: "ஒண்ணாவது நிக்கும்னு நெனச்சேன்."

எனக்கு எத்தனையோ உதாரணங்கள் தெரியும். குடையை அவர் பக்கம் இன்னும் சாய்த்தேன்.

டிசம்பர் 3

கூண்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார். தண்ணீர்ச் சட்டிகளைத் தேய்த்துக் கவிழ்த்தார். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு, "நசீருக்குப் போன் போடு" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். சத்தமாக வைத்துப் பேசுவார், எனக்கும் கேட்டது.

"நசீரு, அந்த ஜோடி..."

"எந்த ஜோடி அண்ணே?"

"பாதி மேயர்னியே."

"ஐயோ அண்ணே. போன வாரம்தான் ராணிப்பேட்டைக்காரர் ஒருத்தர் கேட்டாருன்னு குடுத்துட்டேன். அவரு வேற யாருக்கோ மாத்திட்டாராம். ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா வெச்சிருப்பேனே."

"பரவால்ல."

"மத்தது வேற தரேன் அண்ணே. பெங்களூர் ஒண்ணு..."

"அதுல மேயர் இல்லியே. வாணாம்டா. வெச்சிடு."

கை கழுவிவிட்டு வந்து, துண்டில் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அவ பிளைட்டு என்னிக்கு?"

"போன வெள்ளிக்கிழமையே போயிட்டாங்க."

"ம்" என்றார். துண்டை மடித்தார். மறுபடி மடித்தார்.

இப்போது மேலே இருக்கிறார். மழை தூறுகிறது. கூண்டுக் கதவு கிறீச்சிடும் சத்தம் கேட்கிறது. மூடுகிறாரா, திறந்துவைக்கிறாரா என்று இங்கிருந்து தெரியவில்லை. போய்ப் பார்க்கலாம். முட்டி வலிக்கிறது.

பாடக் குறிப்பு எழுதிய காலத்தில், பக்கத்தின் அடியில் பிள்ளைகளுக்கு வீட்டில் செய்து பார்க்க ஏதாவது ஒன்று எழுதிவைப்பேன். அந்தப் பழக்கத்தில், ஷகிலாவின் கேள்விக்காக இதையும் எழுதுகிறேன். இந்த நோட்டு யார் கைக்குப் போனாலும் சரி.

ஒரு தட்டு நிறையப் பச்சைப்பயறை மட்டும் பரப்பிக்கொள்ளுங்கள். நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, அவசரப்படாமல், அதிலிருந்து ஒரே ஒரு கொண்டைக்கடலையைப் பொறுக்கி எடுத்துப் பாருங்கள்.